மூடி திறக்காத இயந்திரம்: பென்னாகரம் வாசகருக்கு ஒரு காப்புரிமை ஆலோசனை

வாசகர் கேள்வி: பென்னாகரம் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவன். காய்ந்த புளியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை இரண்டு வருடமாகப் பாடுபட்டு உருவாக்கியிருக்கிறேன். நான் பார்த்த இயந்திரங்கள் அடித்துப் பிரிப்பவை. கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிடும். என் மனைவி சிறு வயதிலிருந்து புளி தட்டியவள். "அடிக்காமல், கட்டைவிரலைச் சாய்த்துத் திருகினால் கொட்டை தானாக வழுக்கி வரும்" என்றாள். அதன்படி வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள் வைத்தேன். புளி ஒட்டிக்கொண்டதால் ஓர் உருளையில் சாய்வான பள்ளம் வெட்டி, சீப்பு மாதிரி ஒரு தகடும் வைக்க வேண்டியிருந்தது. போன பங்குனியில் கிருஷ்ணகிரி வியாபாரி ஒருவரின் கிடங்கில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம்; பணம் வாங்கவில்லை. மகன் அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். அதில் மேல்மூடி மூடியே இருக்கும். இப்போது அந்த வியாபாரி, "செலவெல்லாம் என்னுடையது, இருவர் பெயரிலும் உலகக் காப்புரிமை வாங்குவோம், இப்போதே பேட்டன்ட் என்று எழுதி விற்கலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா? காப்புரிமை வாங்கினால் எனக்கு என்ன உரிமை வரும்? புளி தட்டிப் பிழைக்கும் ஊர்ப் பெண்களின் கூலி போய்விடுமோ என்று என் மனைவி கவலைப்படுகிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் படித்து முடிப்பதற்குள் வியாபாரி வாசலில் வந்து நின்றாலும் இந்த ஒரு வார்த்தை உங்களிடம் இருக்கட்டும். அடுத்து, அந்த வீடியோவை மகனிடம் சொல்லி இன்றே நீக்கச் சொல்லுங்கள். நீக்கும் முன் ஒரு பிரதியையும், ஏற்றிய தேதி தெரியும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். நாளை யாராவது "மூடி திறந்துதான் இருந்தது, நாங்கள் பார்த்தோம்" என்று சொன்னால் காட்டுவதற்கு அது வேண்டும்.

ஒரு வீடியோவுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று நினைக்கலாம். நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஒரு கண்டுபிடிப்பிடம் முக்கியமாக மூன்றைக் கேட்கிறது. புதியதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். இதில் "புதியது" என்பது விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் உலகில் எங்கும் வெளிவராதது. வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் புதுமை போய்விடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டால் ஓராண்டு பொறுத்துக்கொள்வார்கள். அதைப் படித்துவிட்டு நமக்கும் ஓராண்டு இருக்கிறது என்று நம்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான் இங்கே 12 மாத அவகாசம். பக்கத்துக் கல்லூரி நடத்தும் கண்காட்சி அதில் சேராது. யூடியூபும் சேராது.

உங்களைக் காப்பாற்றியிருப்பது அந்த மேல்மூடி. வீடியோவைப் பார்க்கும் ஃபிட்டருக்கு ஒரு பக்கம் புளி போவதும் மறுபக்கம் கொட்டை தனியே விழுவதும் தெரியும். உள்ளே எத்தனை உருளை, எது வேகமாகச் சுழல்கிறது, பள்ளம் எப்படிப் போகிறது என்பது தெரியாது. பார்த்ததை வைத்து அவரால் அதே இயந்திரத்தைச் செய்ய முடியாது என்றால், உள்ளே இருப்பது இன்னும் வெளிவரவில்லை.

கிடங்கில் ஓட்டிய விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பொதுவில் பயன்படுத்துவதும் புதுமையைக் கெடுக்கும். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக மட்டும், பொதுவில் சோதிப்பது தேவைப்படும் வகைப் பொருளாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த சோதனை கேடு செய்யாது என்று சட்டத்தின் 32-ஆவது பிரிவு சொல்கிறது. புளி பருவத்துக்கு வருவது. மூட்டை மூட்டையாக ஓட்டிப் பார்க்கப் பட்டறையில் வழியில்லை. நீங்கள் பணமும் வாங்கவில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என்றாலும் அந்த ஓராண்டு, இயந்திரத்தை முதன்முதலில் ஓட்டிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மாசி முடியும்வரை நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இந்த மாதத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். அதுவரை மூடியைத் திறந்து காட்டுவதானால், ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டு உருளைகள் வேறு வேறு வேகத்தில் சுழல்வதைத்தான் உங்கள் கண்டுபிடிப்பாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது உங்களுக்குக் கிடைக்காது. எந்த அரிசி ஆலைக்குள் போனாலும், நெல்லில் உமி நீக்கும் ரப்பர் உருளைகள் ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் சுழல்வதைப் பார்க்கலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் முதல் கடிதத்திலேயே அதை எடுத்துக் காட்டுவார்: நெல்லுக்குச் செய்ததைப் புளிக்குச் செய்திருக்கிறீர்கள், இதில் என்ன புதுமை என்பார்.

உங்கள் சொத்து அடுத்த வரியில் இருக்கிறது. "புளி ஒட்டிக்கொண்டதால்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே. நெல் உலர்ந்த பொருள், உருளையில் ஒட்டாது. புளி பிசுபிசுப்பது. நெல் உருளையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் சிறிது நேரத்தில் அடைத்து நின்றுவிடும். சாய்வான பள்ளம் புளியை நசுக்காமல் திருகுகிறது. அந்தத் திருகலில் கொட்டை வழுக்குகிறது. ஒட்டியதைச் சீப்புத் தகடு வழித்து அடுத்த சுற்றுக்கு உருளையைத் துப்புரவாக்குகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று வேலை செய்யாது என்பதுதான் இங்கே உயிர். தெரிந்த கருவிகளை வரிசையாக வைத்து, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 3-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே பள்ளம் இல்லாமல் ஓட்டுங்கள், சீப்பு இல்லாமல் ஓட்டுங்கள், இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள். மணிக்கு எத்தனை கிலோ, எத்தனை கொட்டை உடைந்தது, எப்போது அடைத்தது என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பரிசோதகருக்குப் பதில் சொல்லும்போது அந்த நோட்டுக்கு இருக்கும் வலு என் வாதத்துக்கு இருக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய வழக்கும் காரணம். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரத் தொழில் பெரியது. அங்கே லேத்தில் பாத்திரத்தைக் கடைசல் பிடிக்கும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு முறைக்கு 1951-ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை ஒன்று இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று முடிந்தது. பழைய கருவிகளைச் சேர்த்துச் செய்த பட்டறை அளவிலான சீர்திருத்தம் போதாது, அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்றது தீர்ப்பு. வேறு சில நாடுகளில் இத்தகைய சிறு மேம்பாடுகளுக்கென்றே குறைந்த ஆண்டுகளுக்கு ஒரு சின்னக் காப்புரிமை உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சீனாவிலும் தருகிறார்கள். நம் நாட்டில் இல்லை. நம் பட்டறைகளில் பிறக்கும் நல்ல வேலைகளில் பல இந்த இடைவெளியில் விழுந்து யாருக்கும் சொந்தமில்லாமல் போகின்றன என்பது என் வருத்தம். உங்கள் இயந்திரம் இந்தக் கோட்டைத் தாண்டும் என்று நம்புகிறேன். ஆனாலும் தேடிப் பார்க்க வேண்டும். புளி ஓடு உடைக்கவும் கொட்டை எடுக்கவும் இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலும், கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திலும் செலவில்லாமல் தேடலாம். மகன் இரண்டு நாள் உட்காரட்டும்.

காப்புரிமை கிடைத்தால் என்ன உரிமை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் பட்டா போல நினைக்கிறார்கள். பட்டா உள்ளவர் உழலாம், விதைக்கலாம், வேலியும் போடலாம். காப்புரிமை தருவது வேலி மட்டும். உங்கள் அனுமதி இல்லாமல் அந்தப் பொருளைச் செய்யாதே, பயன்படுத்தாதே, விற்காதே, விற்பதாகச் சொல்லாதே, இறக்குமதி செய்யாதே என்று பிறரைத் தடுக்கும் உரிமை அது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. உங்கள் இயந்திரத்தில் புளியை உள்ளே தள்ளும் பகுதி வேறொருவரின் காப்புரிமைக்குள் வந்தால், உங்களிடம் காப்புரிமை இருந்தும் அவர் உங்களைத் தடுக்க முடியும். இந்த உரிமைக்கு விலையாக நீங்கள் ரகசியத்தைக் கொடுக்கிறீர்கள். விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும். செய்முறை முழுவதும் எல்லோரும் படிக்கும்படி இருக்கும். 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ச் சொத்து. அதற்கு ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாமே என்றால், மசாலாக் கலவைக்கு அது சரி. விற்ற இயந்திரத்தின் மூடியை எந்த ஃபிட்டரும் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுவார்.

வேலி எங்கே ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவை விண்ணப்பத்தின் கடைசியில் வரும் உரிமைக்கோரல்கள், அதாவது எதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று சொல்லும் வரிகள். கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதே வேலைதான். பத்திரத்தில் எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் எல்லைக்கு வெளியே உள்ள ஒரு அடி நிலமும் உங்களுடையதல்ல. காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரும் இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் ஒரு சலிக்கும் இயந்திரத்துக்கு எழுதும்போது முதல் கோரலில் "இரும்புச் சல்லடை" என்று எழுதிவிட்டேன். இரும்பு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. என் கண் முன்னால் இருந்த இயந்திரம் இரும்பாலானது, கை பழக்கத்தில் எழுதினேன். பின்னர் ஒருவர் பிளாஸ்டிக் சல்லடை வைத்து அதையே செய்து விற்றார். என்னை நம்பி வந்தவரின் முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் கேட்கிறேன்: பள்ளம் 30 டிகிரி சாய்வில் இருந்தால் "30 டிகிரி" என்று முதல் கோரலில் எழுதாதீர்கள், எழுத விடாதீர்கள். உருளையின் அச்சுக்குச் சாய்வாக ஓடும் பள்ளங்கள் என்று அகலமாகத் தொடங்கி, அடுத்தடுத்த கோரல்களில் சாய்வின் அளவு, ரப்பரின் தன்மை, சீப்புப் பற்களின் இடைவெளி என்று குறுக்கிக்கொண்டே வர வேண்டும். அகலமானது விழுந்தாலும் குறுகியது நிற்கும். மோட்டாரின் குதிரைத் திறன், பெயின்ட் நிறம் எதுவும் அங்கே வரக் கூடாது.

இப்போது வியாபாரியின் தாளுக்கு வருகிறேன். இருவர் பெயரில் காப்புரிமை என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இருவருக்கும் சம பங்கு. இது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் 50-ஆவது பிரிவின்படி, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தலாம். மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அவரிடம் பணமும் கிடங்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர் இயந்திரங்களைச் செய்து விற்று முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி உங்களுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. நீங்கள் வேறொருவருக்கு உரிமம் கொடுக்க நினைத்தாலோ அவருடைய சம்மதம் வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. பணம் போட விரும்பினால், உரிமை உங்கள் குடும்பத்திடமே இருக்கட்டும். அவர் உரிமம் பெறட்டும். எத்தனை ஆண்டு, எந்த மாவட்டங்கள், விற்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு இதில் செல்லாது. உங்களைக் கேட்காமல் அவர் தன் பெயரில் விண்ணப்பித்தால், உங்களிடமிருந்து எடுத்தது என்று எதிர்க்கவும், கொடுத்ததை ரத்து செய்யவும் வழி உண்டு. அதற்கும் அந்த நோட்டுதான் சாட்சி.

உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. இங்கே விண்ணப்பித்த 12 மாதத்துக்குள் வெளிநாட்டுக்குப் போனால் இந்தியத் தேதியே அங்கும் செல்லும், அவ்வளவுதான். கிடைப்பதற்கு முன் "பேட்டன்ட்" என்று எழுதி விற்பது தவறு. பொய்யாகச் சொன்னால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விண்ணப்பித்த பிறகு "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்று எழுதலாம். கிடைத்த பிறகு எண்ணோடு எழுதுங்கள். வெறுமனே "பேட்டன்ட்" என்று தகடு அடித்தால் போதாது. எண் இல்லாவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நகல் செய்தவர் நஷ்ட ஈட்டிலிருந்து தப்பப் பார்ப்பார்.

இனி உங்கள் மனைவி. கடிதத்தில் அவரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கட்டைவிரலைச் சாய்த்துத் திருகு என்றது அவர். அந்தச் சாய்வுதான் உருளையின் பள்ளமாயிற்று. சீப்பு உங்களுடையது, திருகல் அவருடையது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் வர வேண்டும். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான் என்பதால் சொல்கிறேன். விண்ணப்பதாரராகவும் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கும் வசதி விதிகளில் இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அப்படிச் சேர்க்கும்போது மேலே சொன்ன கூட்டுரிமைச் சிக்கல் வராதபடி உங்கள் இருவருக்குள்ளும் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காலத்துக்கு அது உதவும்.

செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய். தாளில் கொடுத்தால் 1,750. சாதாரணப் பரிசீலனை கேட்க 4,000, விரைவுப் பரிசீலனைக்கு 8,000. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை புதுப்பிக்க ஆண்டுக்கு 800 ரூபாய். பிறகு படிப்படியாக ஏறி, கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 8,000. கட்டத் தவறினால் உரிமை போய்விடும். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டு விண்ணப்ப நாளைப் பிடித்துவிட்டு, முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். ஆனால் தற்காலிகம் தானே என்று அரைப் பக்கம் எழுதிவிடாதீர்கள். பள்ளமும் சீப்பும் அதில் இல்லையென்றால், அந்த நாள் அவற்றுக்குச் செல்லாது. விண்ணப்பத்தை எழுதித் தரும் காப்புரிமை முகவருக்கான கட்டணம்தான் பெரிய செலவு. எழுத்துப் படிப்பு பெரிதாக இல்லாமல் கையால் கண்டுபிடிப்பவர்களுக்காகவே 2000-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, விண்ணப்பிக்க உதவுகிறது. சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் உண்டு. தருமபுரி மாவட்டத் தொழில் மையத்திலும் மானியம் குறித்துக் கேளுங்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழில் யோசித்து, தமிழில் பெயர் வைத்து, தமிழில் சோதித்த ஒருவர் தன் எல்லையைத் தன் மொழியில் எழுத முடியாமல் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. அதனால் முகவர் எழுதும் ஒவ்வொரு உரிமைக்கோரலையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாத வரியில் கையெழுத்திடாதீர்கள்.

வழக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை மீறலுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். எதிராளி உங்கள் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஃபிளேம் மோட்டார் சைக்கிள் நினைவிருக்கலாம். சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தன் காப்புரிமையை மீறியதாக பஜாஜ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2008-இல் இடைக்காலத் தடை வந்தது. 2009-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம், மூல வழக்கை விரைந்து முடியுங்கள் என்றது. இடைக்காலத் தடைக்கு மட்டுமே இத்தனை படி. உங்களுக்கு அந்தத் தெம்பு தேவையில்லை. நகல் செய்பவரை உரிமம் வாங்க வைப்பதுதான் உங்களைப் போன்றவருக்கு நல்ல வழி. வலுவான கோரல்கள் கையில் இருந்தால் ஒரு நோட்டீஸ் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் மனைவியின் கவலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, விரல் நுனி வெடிக்க உட்கார்ந்திருக்கும் பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். இயந்திரம் வந்தால் அந்த வேலை குறையும். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். காப்புரிமை இல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் இயந்திரத்தைக் கொண்டுவருவார், கிடங்குக்காரர் மட்டும் வாங்குவார். உரிமை உங்கள் கையில் இருந்தால், யாருக்கு என்ன விலை என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வியாபாரிக்கு உரிமக் கட்டணம் வையுங்கள்; ஊர் மகளிர் குழுவுக்குக் கட்டணமே இல்லாமல் எழுதிக் கொடுங்கள். கொட்டையோடு விற்றுக்கொண்டிருந்த புளியை, கொட்டை எடுத்து அவர்களே மண்டிக்குக் கொண்டுபோகட்டும். அப்படி ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றவருக்கு வேறு விதமாகவும் உரிமம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

இந்த வாரம் நோட்டையும், மூடி திறந்த நிலையில் எடுத்த படங்களையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பதிவுபெற்ற காப்புரிமை முகவரைப் போய்ப் பாருங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். கட்டைவிரலை எப்படிச் சாய்ப்பது என்பதை அவர் கையால் செய்து காட்டினால்தான் முகவருக்குப் புரியும். படிவத்தில் அவருடைய பெயரை, ஆதாரில் உள்ளபடி முதலெழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள்.